தம்பி மறித்த வாசல்

என் தம்பியை எங்கள் தெருவில் திருத்தம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவனுடைய அடையாள அட்டையில் சௌக்கியமாக இருக்கிறது, யாரும் அதைத் தொந்தரவு செய்வதில்லை. பேருந்து டிப்போவுக்குப் பின்னால், சைக்கிள் கடைக்கும் தையல் கடைக்கும் நடுவே, பத்தடிக்குப் பன்னிரண்டு அடியில் ஒரு கணினி மையம் வைத்திருக்கிறான். ஆறு கணினிகள், ஒரு பிரிண்டர், நாலு இரும்பு ஸ்டூல்கள், கழுத்து சாய்ந்த ஒரு மின்விசிறி. பிறப்புச் சான்றிதழோ தண்ணீர் இணைப்போ ஓய்வூதியமோ, எதற்கு விண்ணப்பம் போடுவதானாலும் தெருக்காரர்கள் அவனிடம்தான் வருவார்கள்.

வந்தவரை லேசில் விடமாட்டான். "வீட்டு நம்பர் பதினாலா, பதினாலு பார் ஒண்ணா? நிச்சயமா தெரியுமா? போய் ரசீதை எடுத்துட்டு வாங்க" என்று மூன்று தடவையாவது நடக்க வைப்பான். திட்டிக்கொண்டே நடப்பார்கள், ஆனால் வேறு கடைக்குப் போகமாட்டார்கள். பன்னிரண்டு வருடத்தில் அவன் கையால் போன ஒரு விண்ணப்பம்கூடத் திரும்பி வந்ததில்லை. அதில் அவனுக்கு இருக்கும் கர்வத்தைச் சொல்லி மாளாது. நாற்பத்தாறு வயதுக்காரன், பத்தாம் வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்கிய பையனைப் போல முகத்தை வைத்துக்கொள்வான்.

இந்தக் கர்வத்துக்குக் காவலாக அவன் ஒரு வழக்கம் வைத்திருந்தான். நகராட்சியின் இணையதளத்தில் மனுவை அனுப்பிவிட்டால் அனுப்பியதுதான். அதற்குமேல் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. ஆனால் எல்லாவற்றையும் நிரப்பி, அனுப்பாமல் சேமித்து வைக்கலாம். அதனால் தம்பி எதையும் கெடு முடியும் நாள் வரை அனுப்பமாட்டான். அன்றைக்குக் கடையின் பாதி ஷட்டரை இறக்கிவிட்டு, மொத்தத்தையும் ஒரே மூச்சில் அனுப்புவான்.

"நீ ஏன்டா எப்பவும் ஓடுற பஸ்ல தொத்திக்கிட்டே ஏறுற?" என்று கேட்டால், "கடைசி நிமிஷம் வரைக்கும் ஜனங்களுக்கு ஏதாவது ஒண்ணு ஞாபகம் வந்துக்கிட்டே இருக்கும்க்கா" என்பான்.

நான் அவனுக்கு மூன்று வயது மூத்தவள். அதே நகராட்சியில் மூன்றாம் எண் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கும் வெளியே நிற்பவருக்கும் நடுவில் ஒரு கண்ணாடி, அதில் அரைவட்டமாக ஒரு ஓட்டை, ஓட்டைக்கு மேல் 'மனுக்கள் இணையம் வழியாக மட்டும்' என்று ஒரு அறிவிப்பு. போன வருடம் காகிதத்தை அடியோடு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு என் உத்தியோகம் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டது. "நெட்ல போடுங்க." ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வேன். ஓட்டை தாழ்வாக இருப்பதால் கேட்பவர்கள் குனிந்துதான் கேட்க வேண்டும்.

நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம், அப்பா கட்டியது. கீழே அவன் குடும்பம், மாடியில் நான். இந்த வருடம் டிப்போவுக்குப் போகும் பாதையை அகலப்படுத்த எங்கள் தெருவில் முப்பத்தேழு வீடுகளை எடுக்கப்போவதாக நகராட்சி அறிவித்தது. கடைசி வீடு எங்களுடையது. ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளுக்குள் மனு போட வேண்டும், அதுவும் இணையத்தில் மட்டும்தான். ஆட்சேபம் சொன்ன வீட்டைத்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். சொல்லாத வீடு சம்மதித்ததாகக் கணக்கு. தெருவே தம்பியிடம் போயிற்று. அவனும் முப்பத்தேழு மனுக்களையும் நிரப்பி, சேமித்து, தினமும் திருத்தி, ஒரு பிரதி அச்சிட்டும் வைத்துக்கொண்டிருந்தான்.

எங்கள் வீட்டு மனு அவன் பெயரில் மட்டும் இருந்தது. வீட்டில் பாதி என்னுடையது. ஆனால் எங்கள் கண்காணிப்பாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, "ஊழியர்கள் இதுல கையெழுத்துப் போடாம இருக்கிறது நல்லதும்மா" என்று சொல்லியிருந்தார். சரி சார் என்றேன். அதற்குமேல் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கத்தானே சம்பளம்.

முதல் வாரத்தில் தெருக்காரர்கள் நகராட்சி வாசலில் சாலை மறியல் செய்தார்கள். நாற்பது பேர் இருக்கும், தம்பி முன்வரிசையில். உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியிருக்கும், பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றிக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. இவர்களாகவே எழுந்து வழி விட்டார்கள். கார் போனதும் திரும்ப உட்காரப் பார்த்தால் அந்த இடத்தில் போலீஸ்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். "எழுந்தது எழுந்ததா இருக்கட்டும், வீட்டுக்குப் போங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் ஒரு வாரம் இதைச் சொல்லிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் அவன் சிரிக்கவில்லை.

அப்போதுதான் இணையத்தில் எங்கள் தெருவுக்காக ஒரு ஆதரவுக் குழு முளைத்தது. யார் எவர் என்று தெரியாது. முகம் காட்டாதவர்கள், நன்றாக எழுதுகிறவர்கள். அவர்கள் ஒரு இணைப்பை அனுப்பினார்கள். அதைத் திறந்து வைத்தால் போதும், நகராட்சியின் இணையதளத்தை அது ஓயாமல் தட்டிக்கொண்டே இருக்கும். ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் தட்டினால் தளம் மூச்சுத் திணறி நின்றுவிடும். எதையும் உடைக்கப்போவதில்லை, திருடப்போவதில்லை, ரெண்டு மணி நேரம் வாசலை மறிக்கிறோம், அவ்வளவுதான் என்றார்கள். கெடு முடியும் நாளில் பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை. அந்த நாள்தான் பொருத்தமாக இருக்கும் என்று யாரோ முடிவு செய்தார்கள். ஆட்சேபம் சொல்பவர்கள் எல்லாம் அதற்குள் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். கெடு முடியும் நாளன்று ஒரே மூச்சில் அனுப்பும் ஒரு மனிதன் இந்தத் தெருவில் இருப்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

தம்பிக்குத் தெரியும். அவன் ஒரு கணக்குப் போட்டான். பன்னிரண்டு மணிக்கு மறியல் முடிந்துவிடும், மனு வாங்குவது ஐந்து மணி வரை, சாப்பிட்டுவிட்டு அனுப்பலாம்.

என்னிடம் நேராகச் சொல்லவில்லை. ஒரு நாள் நான் புடவைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது வந்து நின்று கேட்டான்.

"அக்கா, உங்க ஆபீஸ் வெப்சைட்டை ஒரு ரெண்டு மணி நேரம் யாராவது மறிச்சா தப்பா?"

"அது வாரத்துல ரெண்டு நாள் தானாவே படுத்துக்கும். அதுக்கு மறியல் வேறயா? யாருக்கும் வித்தியாசமே தெரியாதுடா."

சொல்லிவிட்டு நானே சிரித்தேன். அவன் தலையை ஆட்டிக்கொண்டு கீழே போய்விட்டான்.

அந்த நாள் வந்தது. பத்து மணிக்கு என் திரை வெளுத்தது. வழக்கமாகப் படுப்பதுதானே என்று ஐந்து நிமிடம் பார்த்தேன். பத்தரைக்குள் வரிசை வாசற்படி வரை போய்விட்டது. தண்ணீர் லாரிக்குப் பதிய வந்தவர்கள், சான்றிதழ் வாங்க வந்தவர்கள், எல்லாருக்கும் என்னுடைய அந்த ஒரே வாக்கியத்தைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் நெட்டே இல்லை. கண்ணாடியைத் தட்டினார்கள், கத்தினார்கள். ஒரு அம்மாள், "சம்பளம் மட்டும் நிக்காம வருதா?" என்று கேட்டார். இதெல்லாம் எனக்குப் பழக்கம்.

பழகாதது வேறொன்று. வரிசையின் முதல் ஆளாக ஒருவர் நின்றார். ஐம்பது வயதிருக்கும், சட்டையின் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார். அவருடைய அம்மா விடியற்காலையில் இறந்துவிட்டார், ஆஸ்பத்திரிப் பிணவறையில் இருக்கிறார். அடக்கம் செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும். சீட்டில் இணையதளம் கொடுக்கிற ஒரு எண் இருந்தால்தான் மயானத்தில் கதவைத் திறப்பார்கள். அம்மாவின் அடையாள அட்டையை ஓட்டை வழியாக என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சம் உட்காருங்க சார், வந்துடும்" என்றேன்.

உட்கார்ந்தார். பதினொன்றானது, பன்னிரண்டானது. நடுவில் இரண்டு தடவை எழுந்து வந்து, "வந்துடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போய் உட்கார்ந்தார். அவர் கத்தவே இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

பன்னிரண்டுக்கு நின்றிருக்க வேண்டிய மறியல் நிற்கவில்லை. அந்த இணைப்பு எங்கெங்கோ போயிருந்தது. எங்கள் தெரு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாதவர்கள், அவர்கள் ஊரில் பொழுது விடிந்து எழுந்து, பல் துலக்கும் முன் அதைத் திறந்துவைத்தார்கள். ஆதரவுக் குழு நிறுத்தச் சொல்லிப் பார்த்ததாம், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது. ஒரு மணிக்குக் கண்காணிப்பாளர் மேலிடத்தோடு நாலாவது தடவை போனில் பேசினார். பிறகு ஸ்டூலைப் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து பழைய தபால் பதிவேட்டை இறக்கினார். தூசியைத் தட்டி என் முன் வைத்தார்.

"கையால எழுதும்மா. மயானத்துக்கு நான் போன் பண்ணிச் சொல்றேன்."

ஒன்றேகாலுக்கு அந்த மனிதருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தேன். மூன்று மணி நேரத்துக்கும் மேல். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். அம்மாவின் அட்டை என் மேஜையிலேயே கிடந்தது.

அதற்குப் பிறகுதான் எனக்கு உறைத்தது. கெடு முடியும் நாள். அனுப்பப்படாத முப்பத்தேழு மனுக்கள். கண்காணிப்பாளரிடம் ஓடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், யோசித்தார்.

"தளம் வேலை செய்யலைன்னா காகிதத்துல வாங்கலாம், பழைய விதி இருக்கு. அஞ்சு மணிக்குள்ள வரணும். ஆனா இது யாரோ வேணும்னே செஞ்சதுன்னு மேலேருந்து சொல்றாங்க. அதனால ஒவ்வொரு மனுவுலயும் கீழ ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்கணும். 'இத்தளம் முடங்கியதற்கு நான் காரணம் அல்ல.' அந்த வரி இல்லாட்டி நான் தொடமாட்டேன்."

தம்பிக்குப் போன் செய்தேன்.

"அனுப்பிட்டியா?"

"இல்லக்கா." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது.

விதியைச் சொன்னேன், அந்த வரியைச் சொன்னேன். இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டான்.

நாலரைக்கு வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. வீடு வீடாக ஏறி இறங்கி, டிப்போவில் பணியில் இருந்தவரைக்கூட விடாமல் தேடிப்போய்க் கையெழுத்து வாங்கியிருந்தான். மனுக்கட்டை ஓட்டை வழியாகத் தள்ளினான். நான் ஒவ்வொன்றாகச் சீல் குத்திப் பதிவேட்டில் எழுதினேன். முப்பத்தாறு.

"நம்ம வீடு எங்கடா?"

மடித்த காகிதம் ஒன்று அவன் சட்டைப் பையில் இருந்தது. எடுத்துப் பிரித்துக் காட்டினான். கீழே அந்த வரி இருந்தது. அதன் கீழ் கையெழுத்து இல்லை.

"என்னால போட முடியலக்கா. காலைலேருந்து ஆறு கம்ப்யூட்டர்லயும் நான்தான் அந்த மறியல் லிங்க்கைத் திறந்து வெச்சிருந்தேன்."

எனக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது. புரிந்ததும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு போய் அவனை அறையலாம் போலிருந்தது. காலையிலிருந்து வாங்கிய வசவெல்லாம் நினைவுக்கு வந்தது. மேஜையில் கிடந்த அட்டை கண்ணில் பட்டது. அதை எடுத்துக் கண்ணாடியில் அழுத்திக் காட்டினேன்.

"இந்த அம்மா செத்துப்போயிட்டாங்க. அடக்கம் பண்ணச் சீட்டுக்கு இவங்க பையன் மூணு மணி நேரத்துக்கு மேல அந்த பெஞ்சுல உட்கார்ந்திருந்தார். எதுக்குத் தெரியுமா? நீ மறியல் பண்ண."

அவன் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தான். அதில் இப்போது யாரும் இல்லை. இருந்தும் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ஒரு கையெழுத்துதானே, போட்டுத் தொலை. யாருக்குத் தெரியும்?" என்று நான்தான் சொன்னேன். இதை மறைக்க விரும்பவில்லை. மணி நாலே முக்காலாகியிருந்தது, அது என் அப்பா கட்டிய வீடு.

"பன்னெண்டு வருஷத்துல என் கையால ஒரு பொய் விவரம் போனதில்லக்கா. முப்பத்தாறு பேர்கிட்ட அந்த வரியைப் படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். நான் மட்டும் படிக்காம போடவா?"

"அது என் வீடும்தான்டா."

"தெரியும்" என்றான்.

அவனைத் திட்டுவதற்கு இன்னும் நிறைய இருந்தது. நேரம்தான் இல்லை. பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினேன். என் பெயர், வீட்டு எண், கீழே, நான் நகராட்சி ஊழியர் என்பது ஒருவருக்கும் தெரியாமல் போய்விடக் கூடாதென்று என் ஊழியர் எண்ணையும் எழுதினேன். ஆட்சேபம் நாலு வரி. கடைசியில் அந்த வரி. அதில் கையெழுத்துப் போடும்போது என் கையும் ஒரு நொடி நின்றது. இஸ்திரிப் பெட்டியோடு நின்று நான் சிரித்த சிரிப்பு காரணத்தில் சேருமா? நான் எதையும் திறந்து வைக்கவில்லை. போட்டேன்.

என் மனுவுக்கு நானே சீல் குத்தக் கூடாது. எழுந்து, பக்கக் கதவு வழியாக வெளியே வந்து, என் கவுன்ட்டருக்கு எதிரே நின்றேன். பத்தொன்பது வருடத்தில் அந்தப் பக்கம் நின்று பார்த்தது இதுதான் முதல் தடவை. ஓட்டை இவ்வளவு தாழ்வு என்று தெரியாது. குனிந்து கூப்பிட்டேன். கண்காணிப்பாளர் வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து தாளைப் படித்தார். தம்பி கையில் கையெழுத்தில்லாத தாள் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் அதையும் பார்த்தார்.

"மெமோ வரும்மா" என்றார்.

"வரட்டும் சார்."

"அந்தத் தம்பி கைல இருக்கிறதை நான் பார்க்கலை" என்று சொல்லிவிட்டுச் சீல் குத்தினார். நாலு ஐம்பத்தாறு.

வீட்டுக்கு நடந்தே போனோம். டிப்போ மதிலோரம் அவன் ஆரம்பித்தான்.

"அன்னிக்கு ரோட்டுல உட்கார்ந்தப்ப அந்தப் பொண்ணு வந்துச்சில்ல, எழுந்து வழி விட்டோம். அதுல தோத்துப்போயிட்டோம்னுதான் எனக்கு வெறி. யாரும் எழுப்ப முடியாத இடத்துல உட்காரணும்னு நினைச்சேன். இன்னிக்கு யாரும் எழுப்பலை. ஆனா யார் வந்து நின்னாங்கன்னே எனக்குத் தெரியலக்கா. தெரிஞ்சிருந்தா எழுந்திருப்பேன்."

"தெரியாத இடத்துல உட்கார்ந்தா அப்படித்தான்."

"நீ தெரிஞ்ச இடத்துலதானே உட்கார்ந்திருக்க?" என்றான். குரலை உயர்த்தவில்லை. "ஒரு வருஷமா நெட்ல போடுங்க, நெட்ல போடுங்கன்னு அனுப்பினியே. நம்ம தெருக் கிழங்கட்டைங்க எல்லாம் குனிஞ்சு உன்கிட்ட கேட்டுச்சுங்களே. அவங்க முகம் உனக்குத் தெரிஞ்சுதே."

சுருக்கென்றது. இவனுக்கு என்ன யோக்கியதை இருக்கிறது இதைக் கேட்க என்று கோபம் வந்தது. ஆனால் கேட்டது பொய்யில்லை.

மெமோ வந்தது, பதில் எழுதிக் கொடுத்தேன். இன்னும் முடிவு தெரியவில்லை. இரண்டு வாரத்தில் விசாரணைக் கடிதமும் வந்தது, முப்பத்தேழு வீட்டுக்கும். பதில் போட இருபது நாள் அவகாசம். கடிதம் கைக்கு வந்த மறுநாள் காலையிலேயே தம்பி முப்பத்தேழு பதிலையும் அனுப்பிவிட்டான். மத்தியானம் தையல்காரர் ஏதோ திருத்தத்தோடு ஓடி வந்தார். "போயிடுச்சுங்க. விசாரணைல வாயால சொல்லிக்கலாம்" என்று அவன் சொன்னதைக் கேட்டு அவர், அவனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா என்று விசாரித்தாராம்.

இறந்த அம்மாவின் அந்த அட்டையை நான் தபாலில் அனுப்புவதாக இருந்தேன். அவன் கேட்டு வாங்கிக்கொண்டான். கடையின் மேஜை இழுப்பறையில் வைத்து, தினமும் எடுத்துப் பார்த்துவிட்டு உள்ளே வைப்பானாம். பதில்களை அனுப்பிய அன்று மாலை அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அதிலிருந்த விலாசத்துக்கு, அந்த மனிதரைப் பார்க்கக் கிளம்பினான். இருட்டுவதற்கு முன் திரும்பி வந்து, மாடிப்படியில் உட்கார்ந்தான். நானும் ஒரு படி மேலே உட்கார்ந்தேன்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். நான்தான்னு சொன்னேன். எதுக்குப் பண்ணினீங்கன்னு கேட்டார். வீடுங்களைப் பத்திச் சொன்னேன். கேட்டுக்கிட்டார்."

"திட்டினாரா?"

"இல்ல." அவன் படியில் இல்லாத தூசியைக் கையால் தள்ளினான். "அன்னிக்கு முழுக்க மனசுக்குள்ள உன்னைத்தான் திட்டிக்கிட்டிருந்தாராம். வாயில வராத வார்த்தை எல்லாம் சொல்லி. எங்க அம்மா பொணமா கிடக்கிறப்ப இந்தப் பொம்பளை பேனாவைத் தட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்காளேன்னு. உங்க அக்காகிட்ட மன்னிப்பு கேட்டதா சொல்லுங்கன்னார்."

பேனாவைத் தட்டுவது என் பழக்கம்தான். பதற்றமாக இருந்தால் தட்டுவேன்.

"அது எனக்கு வர வேண்டிய திட்டுக்கா. முகம் தெரிஞ்ச ஆளு நீதானே, அதனால உன்கிட்ட வந்துடுச்சு."

"பாதிதான் உன்னோடது" என்றேன். "மீதி சரியான விலாசத்துக்குத்தான் வந்திருக்கு."